பிந்திச் சொன்ன சாட்சி

1947ஆம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்த நேரத்தில் சதக் பெரியபட்டினத்துக்குத் திரும்பி வந்தார். நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கி, ரயிலில் ராமநாதபுரம் வந்து, அங்கிருந்து பாதி தூரம் மாட்டுவண்டியிலும் மீதி தூரம் நடந்தும் வந்திருந்தார். தலைமுடி கொட்டிப்போய், கால் வீங்கி, இருபத்தெட்டு வயசுக்கு நாற்பது வயசு ஆள் மாதிரி இருந்தார். ஐந்து வருஷமாக அவர் செத்துப்போய்விட்டதாகவே எங்கள் ஊர் நம்பியிருந்தது.

முதலில் அடையாளம் கண்டவன் சுஐபு. சதக்கோடு ஒன்றாகக் கப்பலுக்குப் போன வாவு முகம்மதுவின் தம்பி. ஓடிவந்து சதக்கின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"சதக் காக்கா! ஹயாத்தோட இருக்கீகளா? எங்க காக்கா எங்கன? கூட வரலையா?"

சதக், "எங்க உம்மா எப்படிடா இருக்கு?" என்று கேட்டார்.

சுஐபு கையை விட்டான். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர்தான் சொன்னார். "உம்மா மவுத்தாகி ரெண்டரை வருஷமாச்சு வாப்பா. கப்பல் கம்பெனியில இருந்து, கப்பலக் காணோம்னு காயிதம் வந்துச்சு. அன்னைக்கிப் படுத்தவதான். மவன் போயிட்டான், மவன் போயிட்டான்னே கெடந்தா."

சதக் நேராகக் கபர்ஸ்தானுக்குப் போனார். உம்மாவின் கபர் எது என்று காட்ட ஒருவர் கூடப் போனார். சதக்கின் வாப்பா அவருடைய சின்ன வயசிலேயே போய்விட்டார். அக்காள் ஒருத்தி தொண்டியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். வேறு யாரும் இல்லை. உயிரோடு இருக்கிறேன் என்று போன வருஷம் சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் ஒருவரைக் கொண்டு எழுதிப்போட்ட கடிதமும் ஊருக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை. வந்திருந்தாலும் வாங்கிப் படிக்க வீட்டில் ஆள் இல்லை.

கபர்ஸ்தான் வாசலில் சுஐபு காத்துக்கொண்டு நின்றான்.

"எங்க உம்மா உங்களக் கூட்டிட்டு வரச் சொல்லுது காக்கா. சாப்பாடு எறங்கி நாலு நாளாச்சு. டாக்டரு கைய விரிச்சிட்டாரு. நீங்க வந்துட்டீகன்னு கேட்டதும் கண்ணத் தொறந்துச்சு."

சதக் அவனோடு போனார். வாவு முகம்மதுவுக்கு என்ன ஆனது என்று இந்த உலகத்தில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. நடந்தது இதுதான்.

இரண்டு பேருக்கும் சங்கு குளிக்கிற குடும்பம். குளிப்பு நாலு மாதம்தான். மற்ற மாதங்களில் பாடு கஷ்டம். அதனால் 1941 தொடக்கத்தில் இருவருமாகக் கப்பலில் பாய்லருக்குக் கரி தள்ளுகிற வேலைக்குப் போனார்கள். வாவுக்கு அப்போது இருபத்து மூன்று வயசு. அவர் பெண்டாட்டி குல்சுமுக்குப் பதினெட்டு. ஏழு மாதச் சூல். பிறந்தது பெண் குழந்தை, மலிகா என்று பேர் வைத்திருக்கிறோம் என்று கடிதம் போய், வாவு அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டே திரிந்தாராம்.

அவர்கள் வேலை பார்த்த 'லின்மோர்' என்கிற சின்னச் சரக்குக் கப்பலைக் கடற்படை எடுத்துக்கொண்டது. சிங்கப்பூர்த் தீவின் வடகரையில் இருந்த கடற்படைத் தளத்தில் நிற்கிற கப்பல்களுக்குக் கரியும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. டிசம்பர் எட்டாம் தேதி விடிவதற்குள் சிங்கப்பூரில் குண்டு விழுந்தது. ஹவாயிலிருந்து மலாயா வரை பசிபிக் கடல் நெடுக ஜப்பான்காரன் ஒரே மூச்சில் அடித்திருக்கிறான் என்பது கரி தள்ளுகிறவர்களுக்குத் தெரிய இரண்டு நாள் ஆனது. எட்டாம் தேதி சாயங்காலமே இரண்டு பெரிய போர்க்கப்பல்கள், நாலு சின்னக் கப்பல்கள் துணையோடு, வடக்கே புறப்பட்டுப் போயின. லின்மோரின் மேல்தளத்தில் நின்று எல்லோரும் பார்த்தார்கள். பீரங்கி ஒவ்வொன்றும் பனைமர நீளம்.

"இது ரெண்டும் போனா, ஜப்பான்காரன் தாங்குவானாலே?" என்று வாவு சதக்கின் தோளில் தட்டினார்.

மூன்றாம் நாள் மத்தியானம் அந்த இரண்டு கப்பலும் ஆகாய விமானங்களால் மூழ்கின. துணைக்குப் போன சின்னக் கப்பல்கள் மிஞ்சியவர்களை அள்ளிக்கொண்டு வந்து இறக்கின. அம்மணமாகவும் அரைகுறையாகவும், உடம்பெல்லாம் கறுப்பு எண்ணெயோடு, நூற்றுக்கணக்கில் வெள்ளைக்காரப் பிள்ளைகள். லின்மோரின் தண்ணீரைத்தான் அவர்களுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். வாவு குவளையில் மொண்டு மொண்டு கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் ஜப்பான்காரனைப் பற்றி எதுவும் பேசவில்லை.

அடுத்த வாரம் லின்மோரைப் போர்னியோக் கரைக்கு அனுப்பினார்கள். அங்கே கூச்சிங் என்கிற ஊரில் இருந்த பட்டாளத்துக்கு அரிசியும் பெட்ரோல் பீப்பாய்களும். துணைக்குப் போர்க்கப்பல் இல்லை. டிசம்பர் பத்தொன்பதாம் தேதி, கரை தெரிவதற்கு முன்பே, விமானங்கள் வந்தன. சதக் சாம்பல் வாளியைக் கடலில் கொட்ட மேலே வந்திருந்தார். வாவு கீழே பாய்லர் பக்கம். குண்டு நடுக்கப்பலில் விழுந்தது. நீராவிக் குழாய் வெடித்துக் கீழே இருந்தவர்களில் ஐந்து பேர் அங்கேயே போனார்கள். வாவு மட்டும் இரும்பு ஏணியைப் பிடித்து ஏறி வந்தார். முகத்திலும் நெஞ்சிலும் தோல் இல்லை.

இருந்தது ஒரே ஒரு படகு. பதினோரு பேர் அதில் ஏறினார்கள். சதக் வாவைத் தன் மடியில் போட்டுக்கொண்டார். படகில் இருந்த தண்ணீர் ஒரு பீப்பாய். அதிலும் பாதி கசிந்துவிட்டது. ஆளுக்கு ஒரு மூடித் தண்ணீர் என்று கப்பலாட்களின் தலைவரான சாரங்கு அளந்து கொடுத்தார். சதக் தன் மூடியையும் வாவுக்கே ஊற்றினார். மறுநாள் சாயங்காலம் மேற்கே பிறை தெரிந்தது. "ஹஜ்ஜுப் பிறை" என்று சாரங்கு சொன்னார். முஸ்லிம்கள் எல்லோரும் கையேந்தி துஆ கேட்டார்கள். மூன்றாம் பிறை அன்று காலையில் வாவுக்குக் கொஞ்சம் நினைவு தெளிந்தது.

"ஏலே சதக். எங்க உம்மாகிட்ட இதச் சொல்லாதே. நான் இப்படி வெந்து போனேன்னு சொல்லாதே."

"சொல்லல" என்றார் சதக். உச்சிப்பொழுதுக்கு முன் வாவு மவுத்தானார். படகில் இருந்த நாலு முஸ்லிம்கள் உட்கார்ந்தபடியே ஜனாஸாத் தொழுகை தொழுதார்கள். ஜனாஸாவுக்கு ஓதத் தெரிந்தவர் சதக் ஒருவர்தான். அவரே முன்னால் இருந்து தொழவைத்து, அவரே கையில் ஏந்திக் கடலில் விட்டார்.

அதற்குப் பிறகு கரை ஒதுங்கியதும், ஜப்பான்காரனிடம் பிடிபட்டு மூன்றே முக்கால் வருஷம் மரம் வெட்டியதும், மண் சுமந்ததும், சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் கிடந்ததும் எல்லாம் சதக்கின் பாடு. ஊருக்குத் திரும்ப இடம் கிடைக்கவே 1947 ஆகிவிட்டது.

இப்போது அவர் வாவின் உம்மா சாலிஹாவின் கட்டில் அருகே நின்றார். வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தது அந்த உருவம். தன் உம்மாவும் இப்படித்தான் கிடந்திருப்பாள் என்று அவருக்குத் தோன்றியது. அடுத்த அறைக் கதவுக்குப் பின்னால் குல்சும் நிற்பது தெரிந்தது. அவள் காலடியில் ஆறு வயசு மலிகா எட்டிப் பார்த்தாள்.

"சதக்கு" என்றாள் சாலிஹா. "எம் மவன் எங்கன வாப்பா?"

"இருக்கான் மாமி."

வாயிலிருந்து அது வந்துவிட்டது. வந்த பிறகு அதற்கு மேல் சொல்லவேண்டியதாயிற்று. "கப்பல் முங்குனப்ப ரெண்டு படகு. நான் ஒண்ணுல, அவன் ஒண்ணுல. அவன் படக ஜப்பான்காரக் கப்பல் வந்து எடுத்துச்சு. அவன் ஏணியப் பிடிச்சு ஏறுனத எங் கண்ணால பாத்தேன். ஜப்பானுக்குக் கொண்டு போயிருப்பான். அங்கன இருந்து ஆளுக மெல்ல மெல்லத்தான் வாராக. வந்துருவான் மாமி."

சாலிஹா கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். கஞ்சி கொண்டுவரச் சொன்னாள். கதவுக்குப் பின்னாலிருந்து குல்சும் கேவி அழுகிற சத்தம் கேட்டது. அது சந்தோஷ அழுகை என்பது சதக்குக்குப் புரிந்தது.

பத்து நாளில் மாமி போய்விடுவாள், அதற்குப் பிறகு குல்சுமிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவர் எண்ணியிருந்தார். சாலிஹா பத்து வருஷம் உயிரோடு இருந்தாள்.

சதக் ராமநாதபுரத்தில் ஓர் அரிசி ஆலையில் பாய்லர் பார்க்கிற வேலைக்குச் சேர்ந்தார். ஆலையிலேயே தங்கல். வெள்ளிக்கிழமை ஆலை விடுமுறை. அன்று ஜும்ஆவுக்கு ஊருக்கு வருவார். வராமல் இருந்துவிடலாம் என்றால் சாலிஹா சுஐபை ஆலைக்கே அனுப்பிவிடுவாள். ஒவ்வொரு வெள்ளியும் அவருக்குச் சோறு போட்டு, எதிரே உட்கார்ந்துகொண்டு கேட்பாள்.

"அந்தக் கப்பல்ல ஏறுனதச் சொல்லு வாப்பா. ஏறும்போது எம் மவன் உன்னயத் திரும்பிப் பாத்தானா?"

"பாத்தான் மாமி. கைய ஆட்டுனான்."

"குளிருக்கு அவனுக்கு என்னமாச்சும் குடுத்தாகளா?"

"கம்பளி ஒண்ணு போத்துனாக."

இப்படிக் கம்பளி வந்தது, தேநீர் வந்தது, நல்ல மனசுள்ள ஒரு ஜப்பான்கார அதிகாரி வந்தார். சதக் சோற்றைத் தண்ணீர் குடித்துக் குடித்து இறக்குவார். கதவுக்குப் பின்னால் குல்சும் நின்று ஒரு சொல் விடாமல் கேட்பாள். மலிகா அவற்றைத் தெருப் பிள்ளைகளிடம் போய்ச் சொல்வாள். அந்த நாட்களில் சயாமிலிருந்தும் மலாயாவிலிருந்தும் செத்தார்கள் என்று நினைத்த ஆட்கள் இரண்டொருவர் திரும்பி வந்துகொண்டுதான் இருந்தார்கள். அதனால் யாரும் சதக்கைச் சந்தேகப்படவில்லை.

1950இல் வேதாளையிலிருந்து குல்சுமின் அண்ணன் வந்தார். அவர் தங்கைக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார். மண்டபத்தில் கருவாட்டு வியாபாரம், தாரமிழந்தவர், நல்ல குணம். மலிகாவையும் தன் பிள்ளையாக வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னவர். காணாமல் போனவன் பெண்டாட்டியை விடுவிக்கக் காஜிக்கு அதிகாரம் உண்டு. ஆனால் புருஷன் உயிரோடு இருப்பதாகச் சாட்சி இருந்தால் அது நடக்காது. அண்ணன் பள்ளிவாசலில் கை கால் கழுவுகிற ஹவுல் தொட்டியின் ஓரத்தில் வைத்துச் சதக்கைப் பிடித்தார்.

"ஏம் தங்கச்சிக்கு இருபத்தேழு வயசு. அல்லாவுக்குப் பயந்து சொல்லும். அவன் இருக்கானா, இல்லையா?"

சதக் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தி சாய்வதற்குள் சாலிஹாவின் காதுக்குப் போய்விடும். மூன்று வருஷமாகத் தின்ற சோறு, சொன்ன கம்பளி, தேநீர் எல்லாம் முன்னால் வந்து நின்றன.

"கப்பல்ல ஏறுனதப் பாத்தேன்" என்றார். "அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

அண்ணன் போய்த் தங்கையிடம் கேட்டார். குல்சும் கழுத்தில் தாலியாகக் கிடந்த கருகமணியைக் காட்டினாள். "அவுக ஹயாத்தோட இருக்கையில இன்னொருத்தருக்கு முன்னால போயி நான் எப்படி உக்காருவேன்? வருவாக. நான் இருக்கேன்." கருவாட்டு வியாபாரி வேறிடத்தில் பெண் எடுத்தார்.

சதக் நிக்காஹ் செய்துகொள்ளவே இல்லை. தொண்டியிலிருந்து அக்காள் மூன்று முறை பெண் பார்த்து ஆள் அனுப்பினாள். ஒவ்வொரு முறையும் உடம்பு சரியில்லை என்று சொல்லித் தட்டிக்கழித்தார்.

1957இல் சாலிஹா மவுத்தானாள். கடைசி நாள் வரைக்கும் மகனுக்கென்று ஒரு தட்டைத் தனியாகக் கழுவி வைத்திருந்தாள். அடக்கம் முடிந்த அன்று சதக் அந்த வீட்டு வாசல் வரை போனார். இன்று சொல்லிவிடவேண்டும் என்றுதான் போனார். உள்ளே பெண்களோடு உட்கார்ந்திருந்த குல்சும், "இந்த நேரத்துல அவுக இங்கன இல்லாமப் போயிட்டாகளே. வந்து உம்மா எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" என்று அழுவது காதில் விழுந்தது. சதக் திரும்பி ராமநாதபுரத்துக்கு நடந்துவிட்டார்.

இரண்டு வருஷம் கழித்து மலிகாவுக்குக் கீழக்கரையில் மாப்பிள்ளை அமைந்தது. நிக்காஹுக்கு முந்தின நாள் காலையில், பதிவு எழுதுவதற்காகக் குல்சுமின் வீட்டுக்குப் பள்ளிவாசல் கத்தீப் வந்தார். பெண்ணின் வாப்பா உயிரோடு இருந்தால் அவர்தான் வலியாக, அதாவது பெண்ணுக்குப் பொறுப்பாளராக இருந்து பெண்ணைக் கொடுக்கவேண்டும். தூர தேசத்தில் இருந்தால் காஜி கொடுப்பார். மவுத்தாகியிருந்தால்தான் சிறிய வாப்பாவான சுஐபு கொடுக்கலாம். எது என்று தெரியாமல் எழுத முடியாது என்றார் கத்தீப்.

"காஜியே குடுக்கட்டும்" என்றான் சுஐபு. "காக்கா ஹயாத்தோட இருக்காருன்னு சாட்சி இருக்கே. சதக் காக்காவக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுக்கங்க."

சதக் கல்யாண வேலைக்காக வந்து, வாசலில் பந்தக்கால் ஊன்றிக்கொண்டிருந்தார். கையில் மண்ணோடு உள்ளே வந்தார்.

"வாவு முகம்மது ஹயாத்தோட இருக்கான்னு அல்லாஹ்வ முன்னால வச்சுச் சொல்றீரா?" என்று கத்தீப் கேட்டார்.

சதக் நின்றபடியே சொன்னார். "இல்ல. அவன் மவுத்து. 1941லயே மவுத்து. நான்தான் ஜனாஸா தொழவச்சுக் கடல்ல விட்டேன்."

சுஐபு எழுந்து வந்து அவர் கன்னத்தில் அறைந்தான். இன்னொரு முறை கையை ஓங்கியபோது கத்தீப் பிடித்துக்கொண்டார். சதக் கன்னத்தைத் தடவக்கூட இல்லை.

உள்ளே இருந்து குல்சுமின் குரல் வந்தது. "அவர விடு சுஐபு. நான் கேக்கணும்."

முதல் முறையாகக் கதவைத் தாண்டி வந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரோரம் நின்றாள். முப்பத்தாறு வயசு அவளுக்கு. முதலில் அந்தக் கப்பலைப் பற்றிக் கேட்டாள். கம்பளியைப் பற்றிக் கேட்டாள். எல்லாம் பொய் என்றார் சதக். நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னாள். அவர் எதையும் மறைக்காமல் சொன்னார். தோல் இல்லாத நெஞ்சையும் சொன்னார், மூடியில் அளந்த தண்ணீரையும் சொன்னார்.

"எந்த நாளு?"

"ஹஜ்ஜுப் பிறை பாத்த மூணாம் நாளு."

குல்சும் விரலை மடக்கி எண்ணினாள். "அதுக்கு ஒரு வாரம் கழிச்சு வந்த ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நான் பச்சைப் பட்டு உடுத்தி, கையில மருதாணி போட்டுருந்தேன். புள்ளைக்கும் போட்டுவிட்டேன்." பிறகு கேட்டாள். "கடைசியா என்னயப் பத்தி ஏதாச்சும் சொன்னாகளா?"

சதக் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். சொன்னார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது எவ்வளவு எளிது என்பது அந்த வீட்டிலேயே அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

"இல்ல தங்கச்சி. உம்மாகிட்டச் சொல்லாதேன்னான். அப்புறம் தண்ணி கேட்டான். வேற ஒண்ணும் சொல்லல."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கத்தீப் பக்கம் திரும்பினாள். "கல்யாணம் நாளைக்கி நடக்கட்டும். அதுக்கு மறுநாளு நான் வெள்ள உடுத்தி, உள்ள உக்காந்து இத்தா இருக்கப்போறேன்."

கத்தீப் தயங்கித் தயங்கிச் சொன்னார். "இத்தாவோட நாளு புருஷன் மவுத்தான தேதியில இருந்துதான்மா. நாலு மாசம் பத்து நாளு. 1942 சித்திரையிலேயே உன் இத்தா முடிஞ்சுபோச்சு. இப்ப உனக்குக் கடமை இல்ல."

"அப்ப பத்தொம்பது வயசுலயே நான் கட்டு எதுவும் இல்லாத பொம்பளையா?"

"ஆமாம்மா."

"அவுகளுக்காக உக்காந்து அழுறதுக்குக்கூட எனக்கு நாளு இல்லையா?"

குல்சும் உள்ளே போனாள். அதன் பிறகுதான் அந்த வீட்டில் அழுகைச் சத்தம் எழுந்தது. அது குல்சுமுடையதல்ல, மலிகாவுடையது.

மறுநாள் சுஐபு வலியாக இருந்து மலிகாவைக் கொடுத்தான். நிக்காஹ் முடிந்து பெண் கீழக்கரைக்குப் போனதும், குல்சும் கருகமணியை அறுத்து எடுத்துவிட்டு, வெள்ளை உடுத்தி, கடமை இல்லை என்று சொன்ன இத்தாவை நாலு மாதம் பத்து நாள் உள்ளறையில் இருந்து முடித்தாள். ஜமாஅத்தில் யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை.

ஊர் சதக்கை விலக்கி வைக்கவில்லை. கிழவிக்காகத்தானே சொன்னான் என்று அவர் பக்கம் பேசியவர்களும் உண்டு. அவரே எங்கள் ஊர் ஜும்ஆவுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். நான் ராமநாதபுரத்தில் வேலை பார்த்த காலத்தில் அந்த அரிசி ஆலைக்குப் போய் அவரைப் பார்த்திருக்கிறேன். பாய்லர் கதவைத் திறந்து உமியைத் தள்ளிக்கொண்டே என்னிடம் ஒருமுறை சொன்னார்: "மாமிக்குச் சொன்னதுக்கு அல்லாஹ் மன்னிப்பான்னு எனக்கு ஒரு நெனப்பு இருக்கு தம்பி. குல்சும் அண்ணனுக்குச் சொன்னதுக்கு மன்னிக்க மாட்டான்."

குல்சும் ஒவ்வொரு வருஷமும் ஹஜ்ஜுப் பிறை மூன்றாம் நாள் வாவு முகம்மது பேரில் பாத்திஹா ஓதி, ஏழைகளுக்கு நெய்ச்சோறு ஆக்கிப் போடத் தொடங்கினாள். 1962இல் அந்த நாளில் சதக் வந்து, சோற்றுக்கு நின்றவர்களின் வரிசைக்குப் பின்னால், வேலியோரம் நின்றார். சுஐபு பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சொன்னான்.

"வந்து நிக்காரு மதினி. போகச் சொல்லவா?"

குல்சும் அகப்பையைக் கீழே வைத்தாள். "சோறு குடு" என்றாள். "நான் பேசமாட்டேன். அத மட்டும் சொல்லிரு."

சதக் வேலியோரம் உட்கார்ந்து சாப்பிட்டார். இலையை எடுத்துப் போட்டுவிட்டு, கை கழுவி, வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் பஸ் நிற்கிற இடத்துக்குப் போனார். நாலு வருஷம் கழித்து ராமநாதபுரத்தில் மஞ்சள் காமாலையில் இறந்தார். அங்கேயே அடக்கினார்கள். சுஐபு போய் வந்தான். குல்சும் அவனிடம் எதுவும் விசாரிக்கவில்லை என்றும், அன்று முழுக்கச் சாப்பிடவில்லை என்றும் மலிகா பிற்பாடு என்னிடம் சொன்னாள்.